பரீட்சை இல்லாத உத்தியோகம்

ஏ தாயி, அந்தப் பொஸ்தகத்தைக் கொஞ்சம் மூடு. "எனக்கு மட்டும் பரீட்சை வைக்கான், எம்.எல்.ஏ.வுக்கும் மந்திரிக்கும் ஒண்ணு வச்சா என்ன தாத்தா?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் கூடக் காத்திராம போனுக்குள்ள தலைய விட்டுட்டியே. நான் கோர்ட்டுல கட்டுத் தூக்கியே முதுகு வளைஞ்ச வக்கீல் குமாஸ்தா. கேள்வின்னு வந்தா பதில் தாக்கல் பண்ணாம இருக்க முடியாது. எக்ஸ்பார்ட்டி ஆக்கிருவாக.

மொதல்ல உன் வழக்கைப் பாப்போம். அஞ்சு வருசம் சட்டம் படிச்ச, பட்டம் வாங்குன, கறுப்புக் கவுனோட போட்டோவும் எடுத்து நடுவீட்டுல மாட்டியாச்சு. இப்ப பார் கவுன்சில் கூப்பிட்டு அகில இந்தியப் பரீட்சை எழுதுங்குது. 100 கேள்வி, மூணரை மணி நேரம். தப்பாப் போட்டாலும் மார்க்கைக் கழிக்கிறதில்ல. நூத்துக்கு 45 எடுத்தா பாஸ், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 40. இதுபோக சட்டப் பொஸ்தகத்தையும் கையோட கொண்டு போகலாம், ஓரத்துல குறிப்பு மட்டும் கிறுக்கியிருக்கக் கூடாது. பொஸ்தகத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதுற பரீட்சைக்கா இம்புட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நாளைக்கு ஜட்ஜு ஒரு கேள்வியப் போட்டுட்டுக் கண்ணாடிக்கு மேல பாப்பாரு. அப்ப என்ன செய்வ?

எங்க ஐயா, அதான் நான் வேலை பாத்த வக்கீல், அவுக வக்கீல் தொழிலுக்குச் சன்னது வாங்குன காலத்துல இந்தப் பரீட்சை கெடயாது. 2010ல கொண்டாந்தாக. கோர்ட்டுக்குப் போயும் பாத்தாக. 2023 பிப்ரவரில அஞ்சு ஜட்ஜு சேந்து உக்காந்து, பார் கவுன்சிலுக்கு அந்த அதிகாரம் உண்டுன்னு தீர்ப்புச் சொல்லிட்டாக. அதனால தடையுத்தரவு வரும்னு கனாக் காணாத. ஒரு நல்லதும் நடந்துச்சு. சன்னதுக்குப் பேர் பதியப் போனா மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்குல கறந்துக்கிட்டிருந்தாக. 2024 சூலைல சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்துல என்ன போட்டிருக்கோ அதுக்கு மேல ஒத்தப் பைசா வாங்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. 750 ரூபா. எஸ்.சி., எஸ்.டி.க்கு 125. இந்தக் கெழவன் ஒரு மாசம் குடிக்கிற டீக்காசு கூட ஆகாது.

நீ மட்டுமா மாட்டுன? ஊசி போடப் பரீட்சை, பல்லுப் புடுங்கப் பரீட்சை, கணக்குத் தணிக்கை பண்ணப் பரீட்சை. வெளிநாட்டுல டாக்டருக்குப் படிச்சுட்டு வந்த பிள்ளைக இங்கன வந்து இன்னொரு தடவ 300க்கு 150 வாங்கினாத்தான் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்துல போடலாம். மொபட்டு ஓட்டப் போனாக்கூட பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால காலை ஊணாம எட்டுப் போட்டுக் காட்டணும். கோழி மேய்ச்சாலும் கவருமெண்டுல மேய்க்கணும்னு சொல்லுவாக. அந்தக் கோழியக் கணக்கெடுக்கிற வி.ஏ.ஓ. வேலைக்கு எத்தனை லட்சம் பேரு குரூப் ஃபோர் எழுதுறாகன்னு உனக்கே தெரியும். கவருமெண்டையே மேய்க்கிற வேலைக்குத்தான் பரீட்சை இல்ல.

அதுக்கு என்ன வேணும்ங்க? இந்தியக் குடிமகனா இருக்கணும். 25 வயசு ஆகியிருக்கணும். வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கணும். சட்டசபைன்னா 10,000 ரூபா டெபாசிட், பார்லிமெண்டுன்னா 25,000, எஸ்.சி., எஸ்.டி.ன்னா அதுல பாதி. விழுந்த ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்குக் கொறஞ்சா அந்தக் காசு அரசாங்கத்துக்கு. அப்புறம் ஒரு உறுதிமொழி. இந்த உறுதிமொழி கதை தெரியுமா? 1963ல அரசியல் சாசனத்துல 16வது திருத்தம் போட்டு, இந்த நாட்டு ஒருமைப்பாட்டைக் காப்பேன்னு சொன்னாத்தான் வேட்புமனுவே செல்லும்னு வச்சாக. நம்ம ஊரு தி.மு.க. அப்ப திராவிட நாடு கேட்டுக்கிட்டிருந்துச்சு, அதுக்காகவே வந்த சட்டம். அவுக என்ன செஞ்சாக? கோரிக்கைய விட்டாக, உறுதிமொழியச் சொன்னாக, 1967ல கோட்டைக்குள்ளயே போய் உக்காந்துட்டாக. யாரை வெளிய நிறுத்தக் கோடு போட்டாகளோ அவுக கோட்டைத் தாண்டி வந்து நாற்காலியப் புடிச்ச கதை அது.

படிப்பு? பாரம் 26ன்னு ஒரு அபிடவிட்டு உண்டு. சொத்து, கடன், கேஸு, படிப்பு எல்லாம் எழுதணும். படிப்புக்கான எடத்துல எழுதப் படிக்கத் தெரியாதுன்னு போட்டாலும் மனு செல்லும். ஆனா அந்த எடத்தைச் சும்மா விட்டுட்டு, கேட்ட பொறகும் எழுதிக் குடுக்கலன்னா மனுவைத் தள்ளலாம்னு 2013ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. படிக்காம இருக்கலாம் தாயி, பாரத்தை நிரப்பாம இருக்கக் கூடாது. குமாஸ்தாமாருக்குன்னே சொன்ன தீர்ப்பு.

இன்னும் கேளு. எம்.எல்.ஏ.வே ஆகாம மந்திரி ஆகலாம். ஆறு மாசத்துக்குள்ள ஒரு சபைல எடம் புடிச்சிரணும், அம்புட்டுத்தான். உனக்குச் சன்னது இல்லாம ஒரு நாளு கோர்ட்டுல வாதாட விடுவானா? அதனால தாத்தா யோசனை என்னன்னா, 45 மார்க்கு மேல சந்தேகம் இருந்தா வக்கீலாகிற ஆசைய விட்டுட்டு நேரா சட்ட மந்திரி ஆயிரு. பரீட்சை வச்சவுகளே மாலையோட வாசல்ல நிப்பாக.

சிரிக்காத. உன் கேள்வியப் பெரிய பெரிய ஆளுகளே கேட்டிருக்காக. 1949 நவம்பர் 26ல அரசியல் நிர்ணய சபை சாசனத்தை ஏத்துக்கிட்ட அன்னைக்கு ராஜேந்திர பிரசாத் ரெண்டு வருத்தத்தைச் சொன்னாரு. அதுல ஒண்ணு இதான்: சட்டத்தை நடத்துறவனுக்கு ஏகப்பட்ட தகுதி கேக்கோம், சட்டத்தைப் போடுறவனுக்கு ஓட்டு வாங்குறதைத் தவிர ஒண்ணும் கேக்கல, இது முறையில்லைன்னாரு. அவரும் வக்கீல்தான். சொல்லிட்டு என்ன செஞ்சாரு? மறுபேச்சில்லாம அந்தச் சாசனத்தை நிறைவேத்தி வச்சுட்டு, 1950ல அதே சாசனத்துக்குக் கீழ மொத ஜனாதிபதியா உக்காந்தாரு. ஜனாதிபதிக்கும் பரீட்சை கெடயாது. 35 வயசு ஆனாப் போதும்.

சரி, நீ சொன்ன மாதிரியே வைப்போம். கேள்வித்தாளை யாரு எடுப்பா? ஆளுங்கட்சி போட்ட கமிட்டி. யாரு திருத்துவா? அதே கமிட்டியோட மச்சினன். 2024ல நீட்டு கேள்வித்தாளே பாட்னாப் பக்கம் கசிஞ்சு, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி சந்தி சிரிச்சுது. டாக்டர் சீட்டுக்கே அப்படின்னா, மந்திரி சீட்டுக்கான கேள்வி எங்கெல்லாம் விக்கும்னு நெனச்சுப் பாரு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கோச்சிங் சென்டர் மொளச்சிரும். எட்டே வாரத்துல எம்.எல்.ஏ., காலைல ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச், மகளிருக்குத் தனி. எந்தக் கேள்வி எடுத்தாலும் யாராவது வழக்குப் போடுவான், அது உங்க தொழிலுக்கு நல்லதுதான்.

வேடிக்கைய விடு. நெசமாவே ஒரு மாநிலத்துல இது நடந்துச்சு. அரியானாவுல 2015ல பஞ்சாயத்துச் சட்டத்தைத் திருத்தி, தேர்தல்ல நிக்கணும்னா பத்தாவது பாஸாகியிருக்கணும்னாக. பொம்பளைகளுக்கும் எஸ்.சி. ஆம்பளைகளுக்கும் எட்டாவது, எஸ்.சி. பொம்பளைக வார்டு மெம்பருக்கு நிக்க அஞ்சாவது. வீட்டுல கக்கூசு இருக்கணும், கரண்டு பில் பாக்கி இருக்கக் கூடாது, கூட்டுறவுக் கடன் பாக்கி இருக்கக் கூடாது. ராஜ்பாலான்னு ஒரு அம்மா கேஸு போட்டாக. அந்த வருசம் டிசம்பர் 10ல சுப்ரீம் கோர்ட்டு ரெண்டு ஜட்ஜு, சட்டம் செல்லும்னுட்டாக. நல்லது கெட்டது பகுத்துப் பாக்கிற புத்திய படிப்புதான் குடுக்குதுன்னு தீர்ப்புல ஒரு வார்த்தை வருது. நான் கோர்ட்டுல பாத்த அம்புட்டு மோசடிக் கேஸுலயும் பத்திரத்தைத் திருத்தத் தெரிஞ்ச படிச்சவன்தான் மொத எதிரி. படிக்காதவன் கைநாட்டு வச்சு ஏமாந்து நின்னான். அதை யாரும் தீர்ப்புல எழுதல.

இதுல நான் ரசிச்சது ஒண்ணு உண்டு. பஞ்சாயத்து மெம்பருக்குப் பத்தாவது கேட்ட அந்தச் சட்டசபைல எம்.எல்.ஏ.வுக்குப் படிப்புத் தகுதி ஒண்ணுமே கெடயாது. தான் ஏறி உக்காந்த பொறவு பஸ்ஸுக் கதவைச் சாத்துறவன் கணக்கா இருக்குல்லா? வெளிய நின்னது யாரு? பள்ளிக்கூடம் இல்லாத ஊருல பொறந்த பொம்பளைக, காட்டு வேலைக்குப் போன வயசாளிக, கக்கூசு கட்டக் காசில்லாதவுக. பள்ளிக்கூடம் கட்ட வேண்டியது கவருமெண்டு. கட்டாம விட்டுட்டு, நீ படிக்கல, தகுதியில்லன்னு சொல்லுறதும் அதே கவருமெண்டு. ராஜஸ்தான்லயும் இதே மாதிரி விதியக் கொண்டாந்து, ஆட்சி மாறுனதும் 2019ல தூக்கிட்டாக.

நம்ம பக்கத்து ஆளையே எடுத்துக்கோ. விருதுநகர் காமராசர். ஆறாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவரு. உன் பரீட்சை 1954ல இருந்திருந்தா அவரு மனுவே வாங்கியிருக்க மாட்டான். முதலமைச்சர் ஆனப்ப அவரு எம்.எல்.ஏ.வும் இல்ல, பொறவு குடியாத்தம் இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சாரு. அந்த ஆறாங்கிளாஸ் மனுசன்தான் ஊரு ஊரா பள்ளிக்கூடம் தொறந்தாரு, 1956ல மதியச் சோறு போட்டாரு. உங்க ஆச்சி அட்டெண்டன்ஸ் முக்கால்வாசி அந்தச் சோத்துக்குத்தான். கேட்டா மல்லுக்கு வருவா, கேக்காத.

பரீட்சையே இல்லைன்னு சொல்ல முடியுமா? 1967ல அதே விருதுநகர்ல சனம் அவருக்கு ஒரு பரீட்சை வச்சுது. சீனிவாசன்னு ஒரு மாணவர் தலைவர் எதுத்து நின்னாரு. காமராசர் தோத்துட்டாரு. அது சரியா தப்பான்னு இன்னைக்கும் எங்க செட்டுல அடிதடி நடக்கும். மறுகூட்டல், மறுமதிப்பீடுன்னு ஒண்ணும் கேக்காம அவரு வீட்டுக்குப் போனாரு. நான் சனத்தைக் கும்புடச் சொல்லல. அவுக காசும் வாங்குவாக, பிரியாணியும் திம்பாக, தப்பாவும் திருத்துவாக. ஆனா அந்தத் திருத்துற பேனாவை ஒரு கமிட்டி கைல குடுன்னு நீ கேக்க பாரு, அதுக்குத்தான் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

படிப்பை விட்டுட்டா மிஞ்சுறது குடியுரிமை. அதுலயாவது சிக்கல் இல்லன்னு நெனைக்கியா? முப்பாட்டன் காலத்துலயிருந்து இதே கரிசக்காட்டுல கெடக்கிற நமக்கு அது கேள்வியாவே தோணாது. உங்க வக்கீல் சட்டம் 24வது பிரிவும் குடிமகன்தான் வேணும்னு சொல்லுது. ஆனா அதுல ஒரு சந்து வச்சிருக்கான். நம்ம ஆளை வக்கீலா ஏத்துக்கிற நாட்டுலயிருந்து ஒருத்தன் வந்தா, அவனையும் இங்கன பதியலாம். எம்.எல்.ஏ.வுக்கு அந்தச் சந்து கெடயாது. இம்புட்டு லேசான வேலைல அது ஒண்ணுதான் இரும்புக் கேட்டு.

இரும்புக் கேட்டு எப்படித் தொறந்துச்சுன்னு தெலங்கானாக் கதையக் கேளு. வேமுலவாடா தொகுதில சென்னமனேனி ரமேஷ்னு ஒருத்தர். ஜெர்மனி போய் 1993ல அந்த நாட்டுக் குடியுரிமை வாங்குனவரு. திரும்பி வந்து 2009ல இந்தியக் குடியுரிமை வாங்கி, அந்த வருசமே எம்.எல்.ஏ. ஆனாரு. 2010 இடைத்தேர்தல், 2014, 2018னு மொத்தம் நாலு தடவ ஜெயிச்சாரு. குடியுரிமைக்கு மனுப் போடுறதுக்கு முந்தி ஒரு வருசம் இந்தியாவுல இருந்திருக்கணும், இவரு நடுவுல வெளிநாட்டுக்குப் போனதை மறைச்சுட்டாருன்னு தோத்தவரு ஆதி சீனிவாஸ் வழக்குப் போட்டாரு. உள்துறை 2017ல குடியுரிமைய ரத்து பண்ணுச்சு. அது கோர்ட்டுக்குப் போச்சு, திரும்பி வந்துச்சு, மறுபடி ரத்து ஆச்சு, மறுபடி கோர்ட்டு. வாய்தா, வாய்தா, வாய்தா. கடைசில 2024 டிசம்பர்ல ஐகோர்ட்டு, இவரு ஜெர்மன் குடிமகன்தான்னு சொல்லி 30 லட்சம் கட்டச் சொல்லுச்சு, அதுல 25 லட்சம் ஆதி சீனிவாசுக்கு. அதுக்குள்ள 2023 தேர்தலே முடிஞ்சு, ஆதி சீனிவாஸ் எம்.எல்.ஏ.வா உக்காந்துட்டாரு. பத்து வருசத்துக்கு மேல ஒரு ஜெர்மன்காரர் நம்ம சட்டசபைல கை தூக்கியிருக்காரு.

அப்ப அவரு ஓட்டுப் போட்ட சட்டமெல்லாம் செல்லாதான்னு கேப்ப. செல்லும் தாயி. தகுதியில்லாதவன் உக்காந்து ஓட்டுப் போட்டான்னு தெரிஞ்சாலும் சபை நடவடிக்கை செல்லும்னு சாசனத்துலயே 189வது பிரிவுல எழுதி வச்சிருக்காக. அப்பவே எம்புட்டு நம்பிக்கை பாரு நம்ம மேல! தகுதியில்லன்னு தெரிஞ்சும் உக்காந்தா நாளைக்கு 500 ரூபா அபராதம்னு 193ல இருக்கு. 1950ல அது பெரிய துட்டு. இன்னைக்கு கொத்தனார் கையாளு கூட 500க்கு வரமாட்டான்.

நம்ம ஊருலதான் இந்தக் கூத்துன்னு நெனச்சுக்காத. ஆஸ்திரேலியாவுல துணைப் பிரதமரா இருந்தவரு பார்னபி ஜாய்ஸ். அங்கனயே பொறந்து வளந்த ஆளு. அவரு அப்பா நியூசிலாந்துல பொறந்தவரு, அதனால அந்த நாட்டுச் சட்டப்படி இவரும் நியூசிலாந்துக் குடிமகன்னு 2017ல கண்டுபிடிச்சாக. அவுக சாசனத்துல 44வது பிரிவு, வேற நாட்டுக் குடிமகன் பார்லிமெண்டுல உக்காரக் கூடாதுங்குது. மனுசனுக்கே தெரியாது, சொல்லித்தான் தெரிஞ்சுது. அக்டோபர் 27ல கோர்ட்டு அவரையும் சேத்து அஞ்சு பேருக்குத் தகுதியில்லன்னு ஒரே நாளுல தீர்ப்புச் சொல்லுச்சு. அவரு நியூசிலாந்தைக் கைகழுவிட்டு டிசம்பர்ல இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சு வந்துட்டாரு. தெலங்கானாவுல ஒரு தலைமுறைக்கு ஓடுன வழக்கு அங்கன ஒரு சீசன்ல முடிஞ்சுது. அவுக கோர்ட்டுல குமாஸ்தாமாரு எப்படிப் பொழைக்காகளோ, பாவம்.

இலங்கையில இன்னொரு ரகம். இரட்டைக் குடியுரிமை உள்ளவுக பார்லிமெண்டுக்கு வரக் கூடாதுன்னு 2015ல 19வது திருத்தம். சுவிஸ் குடியுரிமையும் வச்சிருந்த நடிகை கீதா குமாரசிங்கவுக்கு 2017ல பதவி போச்சு. 2020ல ராஜபக்ச குடும்பம் திரும்ப வந்ததும் 20வது திருத்தம் போட்டு அந்தத் தடையத் தூக்குனாக. மறுவருசம் அமெரிக்கக் குடியுரிமை வச்சிருந்த அந்தக் குடும்பத்துத் தம்பி பசில் நிதி மந்திரி ஆனாரு. நாடு திவாலாகி சனம் தெருவுக்கு வந்த பொறவு 2022ல 21வது திருத்தம், திரும்பவும் தடை. ஒரு ஆளு உள்ள வரணும்னா விதிய இந்தப் பக்கம் திருப்பு, போகணும்னா அந்தப் பக்கம். நீ கேக்கிற பரீட்சைக்கும் கடைசில இதே கதிதான். எதுத்த கட்சிக்காரனுக்குக் கணக்கு வராதுன்னா கேள்வி பூராவும் கணக்கா இருக்கும்.

அதனால மத்தவன் பரீட்சைய விடு. உன்னுதைப் பாரு. சட்டம் 21 வயசுல உன்னை வக்கீலாக்கும், எம்.எல்.ஏ. ஆக்க 25 கேக்கும். உனக்கு இன்னும் 25 ஆகல. நடுவுல இருக்கிற காலத்துல அந்த 45 மார்க்கை வாங்கிப் போடு. பொறவு தேர்தல்ல நிக்கணும்னு தோணுச்சுன்னா தாராளமா நில்லு. கட்சிக்காரன் உனக்குச் சீட்டுத் தரமாட்டான், சுயேச்சையாத்தான் நிக்கணும். சுயேச்சைன்னா முன்மொழிய அந்தத் தொகுதி வாக்காளர் பத்துப் பேரு கையெழுத்து வேணும். அதை லேசா நெனைக்காத. 2017 டிசம்பர்ல ஆர்.கே. நகர்ல நடிகர் விஷால் மனு எதனால தள்ளுபடி ஆச்சு? பத்துல ரெண்டு பேரு, இது எங்க கையெழுத்தே இல்லன்னுட்டாக. படத்துல நூறு பேரை அடிச்சவரு, ரெண்டு கையெழுத்துல விழுந்துட்டாரு.

பத்துல ஒண்ணு நான் போடுதேன். நம்ம டீக்கடைக்காரன் பாக்கிய அடைச்சா அவன் ஒண்ணு போடுவான். மிச்சம் எட்டுக்கு இப்பயே ஆளு பாத்து வை. உங்க ஆச்சிய மட்டும் அந்தப் பட்டியல்ல சேக்காத. இங்கன நல்லாத்தான் கையெழுத்துப் போடுவா, தாலுகா ஆபீசுல அதிகாரி கூப்பிட்டுக் கேட்டா, இவளுக்கு ஒரு டம்ளர் காப்பி போடத் தெரியாது சாமி, இவளைப் போய் நான் முன்மொழிவேனான்னு கேட்டுட்டு வந்துருவா.